மறை எண்கள்

நம் கம்பம் பள்ளத்தாக்கினை மலைகள் சூழ்ந்திருப்பினும் சிற்றலை வானொலிக்கு அவை தடையாகா. அவ்வலைகள் மேல்வானத்து அயனி மண்டலத்தில் வளைந்து மீண்டும் நிலத்தை அடைதலே காரணமாம். நள்ளிரவில் வானொலிப் பெட்டியைத் திருகுங்கால், ஒரு குரல் எண்களையே ஐந்தைந்தாக ஓதுதலை நாம் கேட்டல் கூடும். அஃது ஒற்றர்க்கு விடுக்கும் செய்தியென்பர். கேட்போன் தன்னிடமுள்ள மறைத்தாளின் எண்களை அவற்றினின்று கழித்துப் பொருளுணர்வான்; பின்னர் அத்தாளை அழித்துவிடுவான். ஒழுங்கின்றி அமைந்த எண்களை ஒருமுறையே வழங்கின், எக்கணித வல்லாரும் அம்மறையை உடைத்தல் இயலாது.

ஆயினும் 2001-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மயாமி நகரில் கியூபா நாட்டு ஒற்றர் ஐவர் குற்றவாளிகளெனத் தீர்ப்பாயிற்று. அவர்கள் தாளுக்கு மாறாகக் கணினித் தட்டுகளைக் கையாண்டனர். அதிகாரிகள் அவற்றைப் படியெடுத்துச் செய்திகளைப் படித்தனர். கணக்குப் பிழைக்கவில்லை, காவலே பிழைத்தது. கல்வி பயிலும் நாம் இதனை நினைவிற்கொள்வோமாக.