மரபறிந்து மதிப்பிடல்

நுழையும்முன்

பாடலைக் கேட்பதோடு நிறைவடையாமல் அதனைக் காணவும் விரும்பும் காலம் இது. கைப்பேசி ஒன்று இருந்தால் மாணவர் எவரும் பாடல் காணொலி ஒன்றைப் படைத்துவிட முடிகிறது. ஆனால், அதனைக் கண்டவரின் மதிப்பீடோ பெரும்பாலும் ‘நன்றாக இருக்கிறது’, ‘நன்றாக இல்லை’ என்னும் அளவில் நின்றுவிடுகிறது. ஒரு படைப்பை எந்த அளவுகோலால் அளப்பது? தமிழின் இலக்கிய மரபு அதற்கு வழிகாட்டுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

வகைமை என்னும் உடன்பாடு

வாசுதேவநல்லூரில் ‘தென்காசி’ என்னும் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பேருந்தில் ஏறுகிறவர், புளியங்குடி, கடையநல்லூர் வழியாகத் தென்காசி சென்று சேர்வோம் என்று எதிர்பார்க்கிறார். பேருந்து இராசபாளையத்தில் போய் நின்றால் அவர் ஏமாற்றம் அடைவார். அதே பேருந்து தோப்புகள் நிறைந்த வேறொரு வழியில் சென்று தென்காசியைச் சேர்ந்தால், வியப்போடு மகிழவும் கூடும். கலைப்படைப்பின் வகைமையும் இத்தகைய பெயர்ப்பலகையே. படைப்பவருக்கும் நுகர்பவருக்கும் இடையே எழுதப்படாத உடன்பாடு ஒன்றை அது உருவாக்குகிறது. அவ்வுடன்பாட்டின் கூறுகளையே வகைமை மரபுகள் என்கிறோம்.

தமிழுக்கு இச்சிந்தனை புதியதன்று. பிள்ளைத்தமிழ் என்றால் பத்துப் பருவங்கள் அமையும். உலா என்றால் ஏழு பருவ மகளிர் இடம்பெறுவர். பரணி என்றால் போர்க்களத்து வெற்றி பாடப்படும். இவ்வாறு ஒவ்வொரு வகையின் இயல்பையும் வரையறுக்கப் பாட்டியல் நூல்கள் தோன்றின. வீரமாமுனிவரின் சதுரகராதி, சிற்றிலக்கியங்களைத் தொண்ணூற்றாறு என வகைப்படுத்திக் காட்டுகிறது. புதிதாகப் பிறக்கும் படைப்புக்கும் நம் இலக்கணம் இடமளித்தது. தொல்காப்பியர் செய்யுளியலில் கூறும் எண்வகை வனப்புகளுள் ‘விருந்து’ என்பதும் ஒன்று. புதுமையாகப் புனையப்படும் யாப்பை அது குறிக்கிறது. மரபை அறிதலும் புதுமையை வரவேற்றலும் ஒரே இலக்கணத்தின் இரு பக்கங்கள் என்பது இதனால் விளங்கும்.

குறவஞ்சி கற்பிக்கும் பாடம்

தென்காசிக்கு அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி, இசையும் நடிப்பும் பாட்டும் இணைந்த படைப்பு. தலைவன் உலா வருதல், தலைவி பந்தாடுதல், அவள் காதல் கொள்ளுதல், குறத்தி வந்து குறி சொல்லுதல், குறத்தியைத் தேடிக் குறவன் வருதல் என அதன் மரபுகள் தெளிவானவை.

இவற்றுள் குறத்தி தன் மலையின் வளத்தைப் பாடும் மரபைச் சற்று ஆழ்ந்து நோக்குவோம். குற்றாலம் அழகான இடம் என்பதற்காக மட்டும் அப்பகுதி அங்கே அமைக்கப்படவில்லை. வசந்தவல்லி வினவச் சிங்கி தன் மலையின் பெருமையைக் கூறுகிறாள். தான் யார், தன் மண் எது, தன் சொல்லுக்கு என்ன மதிப்பு என்பதை அவ்வருணனையின் வழியே அவள் நிலைநாட்டுகிறாள். அதன் பின்னரே குறி சொல்லும் பகுதி விரிகிறது. ஆகவே, மலைவளம் என்பது பாடுபவரின் அடையாள அட்டை.

ஒவ்வொரு மரபுக்கும் பின்னே இவ்வாறு ஒரு காரணம் இருக்கிறது. காரணம் அறியாமல் பின்பற்றினால் மரபு வெற்றுச் சடங்காகும். காரணம் அறியாமல் மீறினால் அம்மீறல் வெறும் பிழையாகும். காணொலியை மதிப்பிடுவோர் முதலில் மனத்திற்கொள்ள வேண்டிய உண்மை இதுவே.

பாடல் காணொலியின் மரபுகள்

தமிழகத்தில் திரைப்பாடல் காட்சிகளைத் தனியே கண்டு மகிழும் வழக்கத்தை வளர்த்தது, சென்னைத் தொலைக்காட்சி வெள்ளிக்கிழமைதோறும் ஒளிபரப்பிய ‘ஒலியும் ஒளியும்’ நிகழ்ச்சி. அமெரிக்காவில் பாடல் காணொலிகளுக்கென்றே எம்டிவி என்னும் அலைவரிசை 1981 ஆகஸ்டு 1 அன்று தொடங்கப்பட்டது. பின்னர் இணையம் வந்தது. 2011 நவம்பரில் வெளியான ‘கொலவெறி’ பாடலின் காணொலி, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுவோரைக் காட்டும் எளிய அமைப்போடு உலகெங்கும் பரவியது. பெரும்பொருள் செலவின்றியும் காணொலி மக்களைச் சென்றடையும் என்பதை அது உணர்த்தியது.

பாடல் காணொலிகளை மூவகையாகப் பகுக்கலாம். பாடகரும் இசைக்கலைஞரும் பாடி இசைப்பதைக் காட்டுவது நிகழ்த்துகை வகை. பாடலின் வழியே ஒரு கதையைச் சொல்வது கதை வகை. கதையின்றி ஒரு கருத்தையோ உணர்வையோ காட்சிப் படிமங்களால் உணர்த்துவது கருத்து வகை. பல காணொலிகளில் இம்மூன்றும் கலந்தே வரும்.

ஆண்ட்ரூ குட்வின் என்னும் ஆய்வாளர், 1992இல் வெளியான தம் நூலில் பாடலுக்கும் காட்சிக்கும் உள்ள உறவை மூன்றாக விளக்குகிறார். பாடல் சொல்வதையே காட்சியும் சொல்வது முதலாவது. பாடல் சொல்லாத பொருளையும் காட்சி சேர்த்துத் தருவது இரண்டாவது. பாடலும் காட்சியும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றியோ முரண்பட்டோ நிற்பது மூன்றாவது. இவற்றை முறையே விளக்கல், விரித்தல், முரணல் எனத் தமிழில் குறிக்கலாம். ‘மழை’ என்று பாடும்போது மழையைக் காட்டுவது விளக்கல். மழைக்காக வானத்தை நோக்கும் உழவரின் முகத்தைக் காட்டுவது விரித்தல். வெடித்த குளத்தைக் காட்டுவது முரணல். மூன்றும் ஏற்புடையனவே. எது, எங்கே, எதற்காக என்பதே மதிப்பீட்டுக்குரியது.

மரபை மீறிய ஒரு சான்று

2017இல் வெளியான ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ இதற்குத் தக்க சான்று. கபேர் வாசுகி எழுதிய அப்பாடலை டி.எம். கிருஷ்ணா பாடினார், இரதீந்திரன் பிரசாத் இயக்கினார். அனல்மின் நிலையச் சாம்பலால் சீர்கெட்ட எண்ணூர்க் கழிமுகமே அதன் களம்.

கருநாடக இசைக் கச்சேரியின் மரபுகள் பல அதில் போற்றப்படுகின்றன. பக்கவாத்தியங்களோடு பாடகர் பாடுகிறார். பாடல் இராகமாலிகையாக அமைகிறது. மீறப்படும் மரபுகள் இரண்டு. முதலாவது, இடம்: குளிரூட்டப்பட்ட அரங்கிலிருந்து இசை கழிமுகத்துக்கு வருகிறது. இரண்டாவது, மொழி: சென்னைப் பேச்சுத்தமிழ் அங்கே பாட்டாகிறது.

இம்மீறலுக்குக் காரணம் உண்டா? ‘புறம்போக்கு’ என்பது ஊர்ப் பொதுவில் அனைவருக்கும் உரிய நிலத்தைக் குறித்த சொல். காலப்போக்கில் அது பயனற்றவரை இகழும் வசைச்சொல்லாக இழிந்தது. மதிப்பிழந்த நிலத்தையும், மதிப்பிழந்த சொல்லையும், மதிப்புக் குறைவாகக் கருதப்பட்ட பேச்சுவழக்கையும் உயர்ந்ததாகக் கருதப்படும் இசைவடிவத்தில் ஏற்றிப் பாடும்போது அவற்றின் மதிப்பு மீட்கப்படுகிறது. கச்சேரி மரபு முழுவதையும் கைவிட்டிருந்தால் இப்பொருள் கிடைத்திராது. எதைக் காப்பது, எதை மீறுவது என்னும் தேர்விலேயே அக்காணொலியின் ஆற்றல் அடங்கியுள்ளது.

மாணவர் படைப்பை மதிப்பிடல்

இனி, இவ்வளவுகோலை நம்மூர்ச் சூழலில் பொருத்திப் பார்ப்போம். வாசுதேவநல்லூரைச் சேர்ந்த பதினொன்றாம் வகுப்பு மாணவர் சிலர், பீடி சுற்றும் அன்னையரைப் பற்றிச் சொல்லிசைப் பாடல் ஒன்றை எழுதி, நான்கு நிமிடக் காணொலியாகப் படைத்துள்ளனர் எனக் கற்பனை செய்துகொள்வோம். அதன் காட்சிகள் பின்வருமாறு அமைந்துள்ளன எனக் கொள்க.

தொடக்கத்தில் குற்றாலப் பேரருவி சேய்மைக் காட்சியாகத் தோன்றுகிறது. அடுத்து, கறுப்புக் கண்ணாடி அணிந்த மாணவர் மூவர், இரவல் வாங்கிய விலையுயர்ந்த இருசக்கர வண்டியின் முன் கைகளைக் கட்டிக்கொண்டு பாடுகின்றனர். பின்னர் ஒரு வீட்டுத் திண்ணை. மடியில் சுளகை வைத்துக்கொண்டு ஓர் அன்னை இலையை வெட்டுகிறார், தூளை வைத்துச் சுருட்டுகிறார், நூலால் கட்டுகிறார். கத்தரியின் ஒலியே மெல்ல மெல்லத் தாளமாக மாறுகிறது. இறுதியில், பீடிக் கட்டுகளைக் கடையில் எண்ணிக் கொடுக்கும் கைகளோடு காணொலி முடிகிறது.

இக்காணொலியின் வகைமை சொல்லிசை. 1970களில் நியூயார்க் நகரின் பிராங்க்சு பகுதியில், ஒடுக்கப்பட்ட மக்களிடையே தோன்றிய இசைப் பண்பாட்டில் வளர்ந்த வடிவம் அது. பாடுபவர் பார்ப்பவரை நேருக்குநேர் நோக்குதல், தம் தெருவையே களமாகக் கொள்ளுதல், நண்பர் கூட்டம் உடன் நிற்றல், தாளத்திற்கேற்பக் காட்சி மாறுதல் ஆகியன அதன் மரபுகள். ‘இது என் இடம், இது என் குரல், இவர்கள் என் மக்கள்’ என்று அறிவிப்பதே இம்மரபுகளின் காரணம்.

இக்காரணத்தைக் கொண்டு காட்சிகளை ஆராய்வோம். முதலில் அருவிக்காட்சி. குறவஞ்சியில் குற்றாலம் சிங்கியின் அடையாளம். இங்கோ திண்ணையில் அமர்ந்திருக்கும் அன்னைக்கும் அருவிக்கும் உள்ள தொடர்பு காட்டப்படவில்லை. ஆகவே, அது சுற்றுலா அஞ்சலட்டையாக நின்றுவிடுகிறது. சாரல் காலத்தில் அருவியை நாடி வருவோரின் மகிழ்ச்சியையும், அதே நாளில் கணக்கு முடிக்க விரையும் விரல்களையும் அடுத்தடுத்து வைத்திருந்தால், அதே அருவி முரணல் என்னும் உத்தியால் பொருள் பெற்றிருக்கும்.

அடுத்து, இருசக்கர வண்டிக் காட்சி. சொல்லிசைக் காணொலிகள் சிலவற்றில் காணப்படும் செல்வப் பெருமிதத்தின் சாயல் இது. மரபின் தோற்றம் இங்கே இருக்கிறது, காரணம் இல்லை. உடன் நிற்கும் மரபைக் காக்க விரும்பினால், பாடும் மாணவரின் பின்னே தெருவின் பீடித் தொழிலாளர்களே நின்றிருக்கலாம். ‘இவர்கள் என் மக்கள்’ என்னும் அறிவிப்பு அப்போது உண்மையாகியிருக்கும்.

மூன்றாவதாக, கத்தரி ஒலி தாளமாகும் இடம். இதுவே இப்படைப்பின் சிறந்த பகுதி. தாளத்திற்கேற்பக் காட்சி மாறும் மரபை இம்மாணவர் தலைகீழாக்கி, காட்சியிலிருந்தே தாளத்தைப் பிறப்பித்துள்ளனர். உழைப்பே இசையாகிறது என்னும் கருத்து ஒரு சொல்லும் இல்லாமல் விளங்குகிறது. நடவுப் பாட்டிலும் ஏற்றப் பாட்டிலும் உழைப்பின் அசைவே தாளமாகும் நம் நாட்டுப்புற மரபோடும் இது இணைகிறது.

நான்காவதாக, காணொலி முழுவதும் அன்னையின் விரல்களே காட்டப்படுகின்றன; முகம் காட்டப்படவில்லை. இதனை இருவகையாக மதிப்பிடலாம். அவர் முகம் காட்ட விரும்பாதிருந்தால், மாணவர் அவர் விருப்பத்தை மதித்துள்ளனர் எனப் பாராட்டலாம். அவ்வாறன்றித் திட்டமிடாமல் விடுபட்டிருந்தால், யாரைப் பற்றிய பாடலோ அவருக்கே அதில் இடமில்லாமல் போயிற்று எனலாம். அவர் குரலில் ஒரு வரியேனும் ஒலித்திருந்தால் இக்குறை நீங்கியிருக்கும். மேலும், புகையிலைத் தூளிடையே நாள்தோறும் அமர்ந்திருப்பது உழைப்பவரின் உடலுக்குத் தீங்கானது. உழைப்பைப் போற்றும் பாடல், அவ்வுழைப்பு கேட்கும் விலையையும் சொல்ல வேண்டும். இல்லையேல் அது பொருளைப் போற்றுவதாகப் பிறழ உணரப்படும்.

உரிமையும் நன்றியும்

படைப்பறமும் மதிப்பீட்டின் ஒரு பகுதியே. நிலத்தையும் முன்னோரையும் பாடி 2021இல் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடல் பெரும்புகழ் பெற்றது. அப்பாடலின் உருவாக்கத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது குறித்துப் பொதுவெளியில் விவாதமும் எழுந்தது. எனவே, எழுதியவர், இசையமைத்தவர், படம்பிடித்தவர், தொகுத்தவர், தோன்றியவர் ஆகிய அனைவரின் பெயரும் காணொலியில் இடம்பெற வேண்டும். பிறர் இசையை இசைவின்றிப் பயன்படுத்தலாகாது. தம் வீட்டையும் தொழிலையும் காட்ட இசைந்தவர்களுக்கு, வெளியிடும் முன் காணொலியைக் காட்டி ஒப்புதல் பெறுதல் வேண்டும்.

தெரியுமா?
தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை அரசுப் பள்ளி மாணவர்களுக்காகச் சிறார் திரைப்பட விழாவை நடத்தி வருகிறது. பள்ளியில் படங்களைத் திரையிட்டு, அவற்றைப் பற்றி மாணவர்களைக் கலந்துரையாடச் செய்வது அதன் சிறப்பு.

மதிப்பீடு எழுதும் முறை

மதிப்பீட்டுக்கு ஐந்து வினாக்கள் உதவும்.

1. இப்படைப்பு எவ்வகைமையைச் சார்ந்தது? அதன் மரபுகள் யாவை?
2. எந்த மரபுகள் காக்கப்பட்டுள்ளன? எவை மீறப்பட்டுள்ளன?
3. காத்தலுக்கும் மீறலுக்கும் படைப்பின் உள்ளேயே காரணம் கிடைக்கிறதா?
4. பாடலுக்கும் காட்சிக்கும் உள்ள உறவு விளக்கலா, விரித்தலா, முரணலா?
5. யாரைப் பற்றிய படைப்போ அவருக்கு அதில் உரிய மதிப்பு தரப்பட்டுள்ளதா?

ஒவ்வொரு கருத்துக்கும் காணொலியிலிருந்தே சான்று காட்ட வேண்டும். ‘படத்தொகுப்பு அருமை’ என்பது பாராட்டு மட்டுமே. ‘கத்தரியின் ஒலி தாளமாக மாறும் இடத்தில் காட்சிகள் விரைந்து மாறுகின்றன, அதனால் உழைப்பின் வேகம் உணரப்படுகிறது’ என்பதே மதிப்பீடு. குறை கூறும்போது அதனைத் திருத்தும் வழியையும் கூறுதல் நன்று. தம் படைப்பைத் தாமே மதிப்பிடும் மாணவர், தாம் எண்ணியதை எழுதுவதோடு நில்லாமல், திரையில் உண்மையாகத் தெரிவதையும் நடுநிலையோடு எழுத வேண்டும்.

திரிகூடராசப்பக் கவிராயர் குறவஞ்சியின் மரபுகளை அறிந்தே தம் மலையைப் பாடினார். சிங்கியின் வாயிலாக அம்மலை இன்றும் பேசுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழும் இன்றைய மாணவரின் கையிலும் ஒரு கருவி இருக்கிறது. அதன் வழியே தம் தெருவையும் தம் மக்களையும் பேசச் செய்ய விரும்புவோர், மரபைக் கற்கட்டும். அதன் காரணத்தைத் தேடட்டும். தேவைப்படும் இடத்தில் துணிந்து மீறட்டும். அத்தகைய படைப்பே காண்போருக்கு விருந்தாகும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் வழங்கும் தொழிற்பாடல் ஒன்றைக் கேட்டறிந்து, அதன் தாளத்திற்கும் உழைப்பின் அசைவிற்கும் உள்ள தொடர்பை எழுதுக.
2. நீங்கள் கண்ட பாடல் காணொலி ஒன்றிலிருந்து விளக்கல், விரித்தல், முரணல் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு சான்று தருக.
3. குழுவாக இணைந்து இரண்டு நிமிடப் பாடல் காணொலிக்கான காட்சிப் பட்டியலை உருவாக்குக. மற்றொரு குழுவின் பட்டியலை ஐந்து வினாக்களின் அடிப்படையில் மதிப்பிடுக.