தேயிலை நாற்றுமேடையும் எலும்பு மச்சையும்

பதுளை மாவட்டத்தின் பசறை, ஹாலிஎல, அப்புத்தளை பக்கத்துத் தோட்டங்களில் வீ.பி. எனப்படும் துண்டு நாற்றுத் தேயிலை விதையிலிருந்து வருவதில்லை. தாய்ச்செடியின் தண்டில் ஓர் இலையும் அதன் கக்கத்து மொட்டும் சேர வெட்டிய துண்டைப் பொலித்தீன் பையில் நடுகிறார்கள். வெட்டுவாயில் முதலில் ஒரு திரட்சி, சில மாதங்களில் வேர். தண்டாக இருந்த கலங்கள் பழைய வேலையை விட்டு, பிரிந்து பெருகி, வேராகிவிடுகின்றன. ஒரு தொழிலில் அமர்ந்த பின்னும் கலம் பொதுவாக மற்றத் தொழில்களுக்கான மரபுக் கட்டளைகளை இழப்பதில்லை. வேண்டாதவற்றை அடக்கி வைத்திருக்கிறது. மூலக்கல மருத்துவத்தின், அதாவது ஸ்டெம் செல் சிகிச்சையின், நம்பிக்கையில் ஒரு பகுதி இந்த உண்மையின் மேல் நிற்கிறது.

செடிக்கு நடப்பது உடம்புக்கும் நடக்குமா என்ற சந்தேகம் எழும். 1962இல் ஜோன் கேர்டன் தவளைக்குஞ்சின் குடற்கலத்துக் கருவைக் கரு நீக்கிய முட்டைக்குள் வைத்துப் புதிய தவளைக்குஞ்சை உண்டாக்கினார். 2006இல் சின்யா யமனாக்கா நான்கே மரபணுக்களால் எலியின் தோற்கலத்தை மூலக்கலம் போலாக்கினார். இருவரும் 2012இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் இதற்கு எல்லையும் உண்டு. மொட்டில்லாத தேயிலைத் துண்டிலிருந்து செடி எழும்பாது. வளர்ந்த மனிதரின் எலும்பு மச்சையிலுள்ள இரத்த மூலக்கலமும் இரத்தத்தை உண்டாக்குமே தவிர, நரம்பையோ மூளையையோ அல்ல.

பதுளை மக்கள் அறிய வேண்டியது அந்த எல்லையைத்தான். பரம்பரை இரத்த நோயான தலசீமியா இலங்கையில் அதிகம் காணப்படும் மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. கடும் நோயுள்ள பிள்ளையின் மச்சை பிழையான மரபணுவால் நல்ல சிவப்பணுக்களை ஆக்க முடியாமல் திணறுகிறது. சில வாரங்களுக்கொருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதிலுள்ள இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படியாதிருக்க மருந்தும் வேண்டும். அந்த மச்சையை மருந்தால் அழித்துவிட்டு, பொருத்தமான சகோதரரின் மூலக்கலங்களை நாளத்தில் ஏற்றினால், அவை எலும்புக்குள் குடியேறி நல்ல இரத்தத்தை உண்டாக்கும். ஒரு சகோதரர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான். செலவும் ஆபத்தும் பெரியவை. தோட்டத்துக் குடும்பத்துக்கு இது எட்டுமா என்று கேட்பது நியாயமே, பலருக்கு எட்டாது. அதற்காகப் பேசாமல் இருந்தால், முழங்கால்வலி முதல் பாரிசவாதம் வரை ஒரே மூலக்கல ஊசியில் தீரும் என்று விற்பவர்களின் பேச்சுத்தான் காதில் விழும். நெடுங்காலமாக நிரூபணமானது பெரும்பாலும் இரத்த நோய்களுக்கான மச்சை மாற்றுத்தான். பிள்ளைக்குத் தலசீமியா வராமல் தடுக்கும் வழி மச்சை மாற்றைவிட மலிவு. தலசீமியாக் காவிகள், அதாவது பிழையான மரபணுவை ஒற்றையாகச் சுமப்பவர்கள், சுகமாகவே இருப்பார்கள். இரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். காவிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு நோய் வாய்ப்பு. கல்யாணப் பேச்சில் சாதகத்தோடு அந்தப் பரிசோதனைத் தாளையும் கேளுங்கள்.