இயந்திர ஊன்றுகோல் – 14: பாட்டி வெந்நீர் பிடித்துவிட்டார்

இந்த வாரம் கரடி வரும் என்று சொல்லியிருந்தேன். ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015-இல் காட்டிய ரோபியர் என்ற ரோபோ. படுக்கையில் கிடப்பவரை இரண்டு கைகளிலும் ஏந்தித் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்கும் 140 கிலோ வெள்ளைக் கரடி. வரும், ஆனால் இந்த வாரம் இல்லை. கரடியைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தவன் ஒரு வெந்நீர்ப் பாத்திரத்தில் விழுந்துவிட்டேன். பக்கம் அமைப்பவர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார், நான் இன்னும் வெளியே வந்தபாடில்லை.

போன வாரத்து ரோபோ சீல் குட்டி பாரோவை மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். மடியில் படுத்துக் கண் சிமிட்டும், வேறு எந்த வேலையும் செய்யாது என்பது மட்டும் ஞாபகம் இருந்தால் போதும்.

இனி வெந்நீர். ஜப்பானிய வீடுகளில், அதுவும் வயதானவர்கள் இருக்கும் வீடுகளில், சாப்பாட்டு மேஜைமேல் பிளக்கில் செருகியபடியே ஒரு எலெக்ட்ரிக் வெந்நீர்ப் பாத்திரம் நாள் முழுக்க நிற்கும். நம் ஊர் கெட்டில் மாதிரி கொதித்ததும் கடமை முடிந்தது என்று அணைந்துவிடாது. சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். மேலே இரண்டு பொத்தான். ஒன்று பூட்டைத் திறக்க, ஒன்று தண்ணீர் விழ. கிண்ணத்தைக் கீழே வைத்து அழுத்தினால் சர்ரென்று வெந்நீர். பச்சைத் தேநீருக்கு, கப் நூடுல்ஸுக்கு, மாத்திரை விழுங்க எல்லாவற்றுக்கும் அதுதான்.

இந்தப் பாத்திரங்களுக்குப் பேர்போன கம்பெனி ஒசாகாவின் ஸோஜிருஷி. 1918-இல் இச்சிகாவா சகோதரர்கள் கண்ணாடி ஃப்ளாஸ்க் செய்ய ஆரம்பித்த கடை. சின்னம் யானை. (பெயரே 'யானை மார்க்' என்பதுதான். ஜப்பான்காரர்களுக்கு யானை எங்கிருந்து வந்தது என்று தேடப் போய் அரை நாள் போனது. அதையும் சொன்னால் கரடி அடுத்த மாதம்தான் வரும்.)

1996-இல் டோக்கியோவின் இக்கெபுக்குரோ பகுதியில் ஒரு சம்பவம். வயதான ஒரு தாயும் அவர் பராமரித்து வந்த நோயாளி மகனும் குடியிருப்பில் இறந்து கிடந்தார்கள். பட்டினி. வாரக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. சுற்றிலும் வீடுகள், கீழே நடமாட்டம், பக்கத்திலேயே ஊரின் பெரிய ரயில் நிலையங்களில் ஒன்று. ஜப்பானை உலுக்கிய செய்தி அது. அதைப் படித்த டாக்டர் ஒருவர் கேட்ட கேள்விதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. தனியாக இருக்கும் பெரியவர்களைக் கவனித்துக்கொள்ளப் புதிதாக ஒரு கருவி எதற்கு, தினமும் அவர்கள் தொடுகிற பொருள் ஒன்றைக் கொண்டே செய்ய முடியாதா என்றார் அவர்.

தினமும் தொடுகிற பொருள். கட்டில், கதவு, டிவி, டாய்லெட், எதை வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஸோஜிருஷி தன் கையில் இருந்ததை எடுத்தது. 2001 மார்ச்சில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் ஒரு கம்பியில்லாத் தொடர்புக் கருவியைப் பொருத்தி வாடகைக்கு விட்டது. பெயர் ஐ-பாட். பாட்டு கேட்கும் பெட்டி இல்லை, அது அந்த வருஷம் அக்டோபரில்தான் பிறந்தது. மாத வாடகை 3,000 யென்.

பாட்டி காலையில் எழுகிறார். நேற்றைய மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி மூடுகிறார். கொதிக்கிறது. தேநீர்ப் பாத்திரத்தில் இலையைப் போட்டுப் பொத்தானை அழுத்துகிறார். பாட்டியைப் பொறுத்தவரை கதை அவ்வளவுதான். அந்த அழுத்தல் மட்டும் வீட்டை விட்டு வெளியேறி கம்பெனியின் கணினிக்குப் போய்ச் சேருகிறது. வேறு ஊரில் வேலைக்குப் போயிருக்கும் மகளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு முறை மின்னஞ்சல் வருகிறது: இத்தனை மணிக்கு வெந்நீர் பிடிக்கப்பட்டது, இத்தனை மணிக்கு மறுபடியும். ஒரு வாரத்துப் பழக்கத்தை வரைபடமாகவும் பார்க்கலாம்.

என்ன பேசினார், என்ன சாப்பிட்டார், யார் வந்து போனார்கள், ஒன்றும் தெரியாது. வெந்நீர் பிடித்தார் என்பது மட்டும் தெரியும். தினமும் ஆறரைக்கு விழும் முதல் தண்ணீர் இன்று ஒன்பதாகியும் விழவில்லை என்றால் மகள் போனை எடுப்பாள்.

இந்தத் தொடரில் இதுவரை வந்த அத்தனை ரோபோக்களையும் இந்தப் பாத்திரம் ஓரங்கட்டிவிட்டது என்பேன். பாட்டி புதிதாக எதையும் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. கழுத்தில் எதையும் மாட்டிக்கொள்ள வேண்டாம், அவசரப் பொத்தான் எங்கே என்று தேட வேண்டாம். அவசரப் பொத்தான்களின் பெரிய சிக்கலே அதுதான். விழுந்து கிடப்பவர் அழுத்த வேண்டும். அழுத்த முடியாத நிலையில்தான் பலர் விழுகிறார்கள். இன்னும் சிலர், 'பிள்ளைகளுக்கு எதற்குத் தொந்தரவு' என்று அழுத்த மாட்டார்கள். பாத்திரத்தில் இது தலைகீழ். அழுத்தினால் நலம், அழுத்தாவிட்டால்தான் சேதி. பெரியவர் செய்ய முடியாமல் போவதையே அடையாளமாக வைத்த அந்த மூளைக்கு ஒரு கும்பிடு.

நான்கு வருஷம் கழித்து, 2005-இல், மிட்சுபிஷி கனரகத் தொழில் நிறுவனம் வக்கமாரு என்ற வீட்டு ரோபோவைக் கொண்டு வந்தது. ஒரு மீட்டர் உயரம், மஞ்சள் உடம்பு, முகத்தை அடையாளம் காணும், பேசும், வீட்டில் ஆள் இல்லாதபோது காவல் பார்க்கும், பெரியவர்களுக்கு நினைவூட்டும். விலை 15 லட்சம் யென்னுக்கு மேல். பாத்திரத்தின் வாடகையோடு வகுத்துப் பாருங்கள், நாற்பது வருஷத்துக்கு வெந்நீர் பிடிக்கலாம். வக்கமாரு வீடுகளில் குடியேறவில்லை. கடைசியில் நிறுவனங்களின் வரவேற்பறைகளில் வணக்கம் சொல்லப் போனது. கண்காட்சியில் கூட்டம் எதைச் சுற்றி நின்றிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கூட்டம் நின்ற பொருளை வைத்துத்தான் நாமும் 'ரோபோ யுகம்' என்று தலைப்புப் போட்டோம்.

அதே 2001-இல் உலகத்தின் இன்னொரு மூலையிலும் இதே கவலையோடு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் உணர்விகள் நிறைந்த ஒரு வீட்டையே ஆராய்ச்சிக்காகக் கட்டி வைத்திருந்தது. எலிசபெத் மைனட்டும் அவர் குழுவினரும் அங்கே வடிவமைத்தது ஒரு போட்டோ சட்டம். நடுவில் பாட்டியின் படம். சுற்றிலும் பட்டாம்பூச்சிகள், ஒவ்வொன்றும் ஒரு நாள். அன்றைக்குப் பாட்டி வீட்டுக்குள் நன்றாக நடமாடியிருந்தால் பட்டாம்பூச்சி பெரியது, சுருண்டு கிடந்திருந்தால் சிறியது. தூரத்து ஊரில் மகன் வீட்டுச் சுவரில் அது தொங்கும். போகிற வருகிறபோது ஒரு பார்வை. பின்னால் ஒரு வயதான அம்மாவின் வீட்டில் உணர்விகளைப் பொருத்தி, மகன் வீட்டில் சட்டத்தை வைத்து, நீண்ட நாள் சோதனையும் செய்தார்கள். அழகான யோசனை. ஆனாலும் அது ஆய்வுக்கூடத்துப் பிள்ளை. பாத்திரம் சந்தையில் வளர்ந்த பிள்ளை. மாதா மாதம் வாடகை கொடுப்பவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

இந்த இடத்தில் யாக்குல்ட் பெண்மணிகளைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சின்ன பாட்டிலில் வருமே, அதே யாக்குல்ட். ஜப்பானில் அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெண்கள் ஒரு பெரிய படை. 1972-இல் ஃபுக்குஷிமா மாநிலத்தின் கோரியாமா நகரில் அவர்களில் ஒருவர், தனியே வாழ்ந்த ஒரு பெரியவர் கவனிப்பாரின்றி இறந்துபோனதைக் கேள்விப்பட்டு மனம் பொறுக்காமல், தன் எல்லைக்குள் தனியாக இருந்த முதியவர்களுக்குத் தன் கைக்காசில் யாக்குல்ட் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார். கொடுப்பது சாக்கு. கதவு திறக்கிறதா, முகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. இது அந்தப் பகுதி சமூகநல ஊழியர்கள் காதுக்கும் கம்பெனி காதுக்கும் போயிற்று. பிறகு உள்ளாட்சி அமைப்புகள் செலவை ஏற்க, நாடு முழுக்கப் பரவியது.

நம் தெருவில் கேட்டில் மாட்டிய பையில் நேற்றைய பால் பாக்கெட் அப்படியே இருந்தால் பால்காரர் மணியடிப்பார் இல்லையா, அதுதான் இது. வெந்நீர்ப் பாத்திரமும் அந்தப் பால்காரருடைய கண்ணைத்தான் கடன் வாங்கியிருக்கிறது. கண்ணை மட்டும். மணியடிக்கும் கையை அதனால் கடன் வாங்க முடியவில்லை.

என் மோகம் கொஞ்சம் இறங்கியதும் அங்கேதான். பாட்டி காலை ஏழுக்குத் தேநீர் குடித்துவிட்டு ஏழரைக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்தால் பாத்திரத்துக்குத் தெரியாது. மாலை மின்னஞ்சல் வந்த பிறகுதான் மகள் சந்தேகப்படுவாள். சந்தேகப்பட்டு என்ன செய்வாள்? 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறாள். பக்கத்து வீட்டு நம்பர் இருந்தால் உண்டு. கருவி விற்பவர்கள் விளம்பரத்தில் காட்டுவது மகளின் நிம்மதியான முகத்தை. மின்னஞ்சலில் தண்ணீர் விழாத நாளன்று கதவைத் தட்டப் போவது யார் என்பதைக் காட்டுவதில்லை. 2024-இல் ஜப்பானில் வீட்டில் தனியாக இறந்து, போலீஸ் கணக்கில் வந்தவர்கள் 76,000-க்கும் மேல். நான்கில் மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். எட்டு நாளோ அதற்கு மேலோ கழித்துக் கண்டெடுக்கப்பட்டவர்கள் மட்டும் 21,000-க்கு மேல். எட்டு நாள் என்பது கருவி இல்லாத குறை மட்டுமா? தேடுவதற்கு ஆள் இல்லாத குறையும்தானே.

இதற்கு எனக்குப் பிடித்த விடை ஒரு கூரியர் கம்பெனியிடம் இருக்கிறது. யமாட்டோ. குட்டியை வாயில் கவ்விய கறுப்புப் பூனை படம் போட்ட வண்டிகள். (யானை, பூனை, சீல், கரடி. இந்தத் தொடர் மிருகக்காட்சிசாலை ஆகிவருவது எனக்கும் தெரிகிறது.) அவர்கள் தருவது ஒரு சாதாரண எல்.இ.டி. பல்பு. உள்ளேயே சிம் கார்டு. வைஃபை வேண்டாம், தனியாக வயர் வேண்டாம். பழைய பல்பைக் கழற்றிவிட்டு இதைத் திருக வேண்டியதுதான். எங்கே மாட்டச் சொல்கிறார்கள் தெரியுமா? டாய்லெட்டில். வரவேற்பறை விளக்கை ஒருநாள் போடாமல் இருக்கலாம். தேநீரைக்கூட ஒருநாள் வேண்டாம் என்று விடலாம். டாய்லெட் விளக்கைப் போடாமல், அல்லது போட்டதை அணைக்காமல், ஒரு முழு நாள் இருக்க முடியாது. அப்படி ஒரு நாள் போனால் குடும்பத்துக்குச் செய்தி போகும். குடும்பம் கேட்டுக்கொண்டால் யமாட்டோ ஊழியரே நேரில் போய் மணியடித்துப் பார்ப்பார். எப்படியும் அந்தத் தெருவுக்குப் பார்சலோடு போகிறவர்கள்தானே. பல்புக்குப் பின்னால் ஓர் ஆளை நிறுத்திவிட்டார்கள். பாத்திரத்தில் நான் தேடியது இதைத்தான்.

ஜப்பான் தபால் நிறுவனமும் 2017-இலிருந்து இப்படி ஒரு சேவை நடத்துகிறது. ஊழியர் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்து அரை மணி நேரம் பேசிவிட்டு, பெரியவர் எப்படி இருக்கிறார் என்று பிள்ளைக்கு எழுதுவார். மாதம் ஒரு தடவை என்பது எனக்குக் குறைவாகத்தான் படுகிறது. ஆனால் அந்த அரை மணி நேரத்தை எந்தப் பாத்திரமும் தராது.

கேமரா வைத்துவிட்டால் போயிற்றே என்பவர்களுக்கு: உங்கள் குளியலறையில் முதலில் வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் பேசுவோம்.

முதியோர் இல்லங்கள் வேறு உலகம். அங்கே ஆள் இருக்கிறார்கள், ஆனால் போதாது. ஆளுக்குப் பதில் இயந்திரம் என்றால் என்ன ஆகும்? ஜேம்ஸ் ரைட் என்ற ஆராய்ச்சியாளர் ஜப்பானிய இல்லம் ஒன்றில் தங்கிப் பார்த்து 2023-இல் ஒரு புத்தகமே எழுதினார். தூக்கும் இயந்திரம், பேசும் ரோபோ, நம் பாரோ, மூன்றும் வந்தன. வேலை குறையவில்லை, இயந்திரங்களைக் கவனிக்கும் வேலை கூடியது என்பது அவர் கண்டது. தூக்கும் இயந்திரத்தை அறைக்கு அறை தள்ளிக்கொண்டு போகும் நேரத்தில் கையாலேயே தூக்கிவிடலாம் என்று ஊழியர்கள் சில நாளிலேயே அதை ஓரமாக வைத்துவிட்டார்கள். இதை விரிவாகச் சொல்ல வேண்டும், கரடியோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் பக்கம் முடிகிறது.

டாய்லெட் என்று பேச்சு எடுத்தாயிற்று, அதை முடிக்காமல் கரடிக்குப் போக முடியாது. எனவே அடுத்த வாரம் டீஃப்ரீ. அடிவயிற்றில் ஒட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. அல்ட்ராசவுண்டால் மூத்திரப்பை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அளந்து, 'இப்போது அழைத்துப் போங்கள்' என்று செவிலியருக்கு முன்கூட்டியே சொல்கிறது. டயப்பரே வாழ்க்கை என்றாகிப்போன பெரியவர்களுக்காகச் செய்தது. செய்தவர் அட்சுஷி நாக்கானிஷி. அந்த யோசனை அவருக்கு முதியோர் இல்லத்தில் தோன்றவில்லை, ஆஸ்பத்திரியிலும் தோன்றவில்லை. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த இளவட்டம் அப்போது அவர். ஒருநாள் நடுத்தெருவில், பட்டப்பகலில், வயிறு அவரைக் கைவிட்டுவிட்டது. அதை ஊரறியச் சொல்லித்தான் கம்பெனி ஆரம்பித்தார்.

(தொடரும்)