சொன்ன பேச்சு கேட்காத நார்ன்கள்

1996 நவம்பரில் ஜப்பானில் தமகோச்சி விற்பனைக்கு வந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த மின்னணுச் செல்லப் பிராணி கோடிக்கணக்கில் விற்றது. அதே ஆண்டு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த இன்னொரு செல்லப் பிராணியைப் பற்றி வீடியோ கேம் பிரியர்களிலேயே பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 'கிரியேச்சர்ஸ்' என்ற அந்த விளையாட்டை உருவாக்கியவர் ஸ்டீவ் கிராண்ட். தமகோச்சியில் பசி என்பது நேரத்துக்கு நேரம் மாறும் ஓர் எண். கிரியேச்சர்ஸிலோ அது உடலுக்குள் ஓடும் ஒரு வேதிப்பொருள்.

அல்பியா என்ற கற்பனை உலகில் முட்டையிலிருந்து பொரிந்து வரும் இந்தப் பிராணிகளுக்கு நார்ன் என்று பெயர். பெரிய கண்கள், மழலைப் பேச்சு. தலைக்குள் சுமார் 1,000 நியூரான்கள், அவற்றுக்கிடையே ஏறக்குறைய 5,000 இணைப்புகள். 'பசித்தால் சாப்பிடு' என்ற கட்டளை நிரலில் எங்குமே கிடையாது. தற்செயலாக எதையோ தின்னும், பசி தணியும், உடனே வெகுமதி வேதிப்பொருள் சுரக்கும், சற்று முன் வேலை செய்த நரம்பு இணைப்புகள் வலுப்படும். அடுத்த முறை பசிக்கும்போது தின்பதற்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும். நாம் மவுஸால் கிச்சுகிச்சு மூட்டினாலும் அதே வெகுமதிதான். ஓர் அடி வைத்தால் தண்டனை.

சிக்கலும் அங்கேதான். நாம் பாராட்டுவதற்குள் நார்ன் வேறு வேலைக்குத் தாவியிருந்தால், பாராட்டு அந்த வேலைக்குப் போய்விடும். நாய் பழக்கியவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும்.

மூளை, வேதியியல் இரண்டுக்குமான வரைபடம் சுமார் 320 மரபணுக்களில் இருந்தது. இரு நார்ன்கள் இணைசேர்ந்தால் மரபணுக்கள் கலக்கும். நகலெடுப்பில் அவ்வப்போது பிழை நேரும். அப்படி, மூப்பே அடையாத நார்ன்கள்கூடப் பிறந்தன. ரசிகர்கள் முட்டைகளை இணையத்தில் பரிமாறிக்கொண்டார்கள், மரபணுக்களைத் திருத்திப் பார்த்தார்கள். ஒருவர் வேண்டுமென்றே நார்ன்களை வதைத்துக் காட்டியபோது மற்றவர்கள் கொதித்துப்போனார்கள். திரைப் புள்ளிகளுக்காகவா இவ்வளவு கோபம் என்று கேட்கத் தோன்றும். ஆனால் கொதித்தவர்கள் ஒவ்வொரு சொல்லாக அவற்றுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர்கள்.

1998-இல் இரண்டாம் பாகம், 1999-இல் மூன்றாம் பாகம். இரண்டாம் பாகத்து நார்ன்கள் கொஞ்ச நேரத்திலேயே புத்தி மழுங்கிச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றன. அதைச் சரிசெய்யும் மரபணுத் தொகுப்பை ரசிகர்களே எழுதிக்கொண்டார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கும்?

2000-இல் வந்த 'தி சிம்ஸ்' விளையாட்டு நேர்மாறான வழியில் போனது. அதில் புத்தி பெரும்பாலும் 'சிம்' எனப்படும் மனிதர்களிடம் இல்லை, பொருள்களிடம் இருந்தது. 'என்னிடம் வந்தால் உன் பசி தீரும்' என்று குளிர்சாதனப் பெட்டியே விளம்பரம் செய்யும். சிம் அங்கே போகும். பார்ப்பவருக்கு அது யோசித்து நடப்பதுபோல் இருக்கும். உண்மையாகவே கற்கும் உயிரைவிட, கற்றதுபோல் நடிக்கும் உயிர்தான் திரையில் எடுபடுகிறது என்பது என் கணிப்பு. சிம்ஸ் உலகையே வளைத்துப்போட்டது. கிரியேச்சர்ஸ் நிறுவனம் 2003-இல் மூடப்பட்டது.

கிராண்ட் அதற்கு முன்பே விலகி, தன் வீட்டிலேயே லூசி என்ற ஒராங்குட்டான் ரோபோவைக் கட்டத் தொடங்கியிருந்தார். வாழைப்பழத்தை அடையாளம் கண்டு சுட்டிக்காட்ட அது கற்றுக்கொண்டது.