தேனீயின் நோய் நினைவும் ஏலத்தோட்டமும்

உடும்பஞ்சோலை வட்டத்து ஏலத்தோட்டங்களில் அதிகாலையில் விரியும் பூவின் ஆயுள் ஒரே நாள். அதற்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்த்தாலன்றிக் காய் பிடிப்பது அரிது. தோட்டக் கணக்கில் உரத்திற்கும் கூலிக்கும் தனித்தனித் தலைப்புகள் உண்டு. தேனீயின் உழைப்பிற்கு மட்டும் தலைப்பே கிடையாது!

1991-92ஆம் ஆண்டுகளில் தாய்லாந்து சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவியது. புழுக்கள் நீர் நிறைந்த பைகளாக மாறி மடிந்தன. கேரளத்தில் இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதி அழிந்தது. பிழைத்தவற்றைப் பெருக்கியே தேனீ வளர்ப்பு மீண்டும் தலையெடுத்தது.

ஒரு முறை கண்ட நோயைப் பூச்சியின் உடல் நினைவில் கொள்ளுமா? இல்லை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. நமது இரத்தத்தில் உள்ளவை போன்ற எதிர்ப்பொருள்கள் பூச்சிகளுக்கு இல்லை. கிருமியை விழுங்கும் அணுக்களும், கிருமியைக் கொல்லும் சிறு புரதங்களும் உண்டு. எனினும், ஒரு நாடாப்புழுவை முன்னரே எதிர்கொண்ட நன்னீர்ச் சிற்றுயிர், அதற்கு நெருங்கிய உறவான புழு மீண்டும் தாக்கும்போது கூடுதலாக எதிர்த்து நிற்பதை 2003இல் ஓர் ஆய்வு காட்டியது. முதுகெலும்பற்ற வேறு பல உயிர்களிலும் பின்னர் இத்தகைய சான்றுகள் கிடைத்தன.

தேனீயில் இந்நினைவு தாயிடமிருந்து சேய்க்கும் செல்கிறது. வைட்டலோஜெனின் என்னும் முட்டைக்கருப் புரதம் பாக்டீரியாவின் சிதறல்களைப் பற்றி முட்டைக்குள் கொண்டு சேர்ப்பது 2015இல் விளக்கப்பட்டது. இவ்வழியைப் பின்பற்றி, கொல்லப்பட்ட பாக்டீரியாவை இராணித் தேனீயின் உணவின் வழியே சேர்க்கும் தடுப்பு மருந்திற்கு அமெரிக்க வேளாண்மைத் துறை 2022இன் இறுதியில் நிபந்தனையுடன் உரிமம் வழங்கியது. அது ஐரோப்பியத் தேனீயின் புழு அழுகல் நோய்க்கானது. நமது தேனீயின் வைரஸ் நோய்க்கு அதனை மருந்தாக எண்ணிவிடலாகாது.

1992க்குப் பின் பிழைத்த குடும்பங்களையும் இந்நினைவுக்குச் சான்றாகக் காட்ட இயலாது. வலிமையான பரம்பரை எஞ்சுவது வேறு. ஓர் உடல் நோயைக் கண்டு பழகுவது வேறு. அலுவலகக் குறிப்புகளில் இவ்விரண்டும் எளிதில் ஒன்றாகிவிடுவதுண்டு.

தோட்டக்காரர் இன்று செய்யக்கூடியது தெளிவு. நோய் கண்ட பெட்டியின் அடைகளை மற்றப் பெட்டிகளுக்கு மாற்றலாகாது. நோயுற்றபோதும் தளராத குடும்பங்களிலிருந்தே புதிய குடும்பங்களைப் பிரித்தல் வேண்டும். பூச்சிக்கொல்லிக்கு எதிராக இந்த நோய் நினைவு உதவாதாகையால், பூக்காலத்தில் காலை வேளையில் மருந்து தெளிப்பதையும் அறவே தவிர்த்தல் வேண்டும்.