இளம் மக்னோலியாவுக்கு ஏற்ற இடம்

மைக்கேலியா என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்த செண்பகத்தையும் தாவரவியலாளர் இப்போது மக்னோலியாவிலேயே சேர்க்கின்றனர். அப்பேரினத்துள் இங்கிலாந்து, பிரான்சு நாடுகளின் வீட்டுத் தோட்டங்களில் பெரிதும் விரும்பி நடப்படுவது, எத்தியேன் சூலாஞ்ச்-போதேன் என்னும் பிரெஞ்சுக்காரர் இரண்டு சீன இனங்களைக் கலந்து உருவாக்கியதும், 1826இல் முதன்முதலாகப் பூத்ததுமான கலப்பினமாகும். இலை துளிர்க்குமுன்பே கிண்ணம் போன்ற பெரிய பூக்களால் நிறையும் இம்மரம் வெட்டுக்காயத்தை எளிதில் பொறுப்பதில்லையாதலால், அதை எவ்வாறு கத்தரிப்பது என்ற கேள்வி பெரும்பாலும் எங்கே நடுவது என்பதிலேயே தீர்ந்துவிடுகிறது.

கைக்கு அடக்கமான கன்றைக் கண்டு சுவரோரம் நட்டுவிடுவோர் பலர். அதுவோ பக்கவாட்டில் ஆறு மீட்டரும் அதற்கு மேலும் படரக்கூடியது. சதைப்பற்றுள்ள அதன் வேர்கள் மண்ணின் மேல்மட்டத்திலேயே பரவி, அறுபட்டால் மெல்லவே ஆறுவதால், பின்னர் இடம் மாற்றுவதும் அடியில் மண்ணைக் கொத்துவதும் கேடு விளைவிக்கும்; இலைமக்கால் மூடாக்கு இடுவதே போதும். நீர் தேங்காத, ஆனால் ஈரம் காக்கும், சற்றே அமிலத்தன்மையுள்ள மண் அதற்கு உகந்தது. குளிர்நாடுகளில் இவற்றைவிட நுட்பமாகக் கவனிக்க வேண்டியது உறைபனியாகும். இரவில் உறைந்த மொட்டின்மீது காலை வெயில் நேரே பட்டால், பனி திடீரென உருகி இதழ்கள் பழுப்பேறிவிடும். எனவே கிழக்கு வெயில் முதலில் விழாத, காற்று மறைவான இடமே நல்லது. குளிர்ந்த காற்று கீழிறங்கித் தங்கும் பள்ளங்களைத் தவிர்க்க வேண்டும்.

முதற் சில ஆண்டுகளில் பட்ட கிளைகளையும், ஒன்றோடொன்று உராயும் கிளைகளையும் மட்டும் நீக்கினால் போதும். குளிர்காலக் கடைசியில் வெட்டினால் காயத்திலிருந்து சாறு வடியும். ஆகையால் இலைகள் முழுதாக விரிந்த பின், கோடையின் நடுவிலோ இறுதியிலோ வெட்டுவது வழக்கம். அடுத்த ஆண்டின் மொட்டுகளும் கோடையிலேயே உருவாவதால் சில பூக்கள் குறையும் என்பது உண்மைதான். அது ஏற்கத்தக்க இழப்பே. கிளை தண்டோடு சேருமிடத்தில் புடைத்திருக்கும் வளையத்தைச் சிதைக்காமல், அதற்குச் சற்று வெளியே வெட்டினால் பட்டை மூடிக்கொள்ளும். ஒரே ஆண்டில் அளவுமீறிக் குறைத்தாலோ, செங்குத்தாக விரைந்தெழும் பூக்காத போத்துகள் கூட்டமாகக் கிளம்பி, மரத்தின் இயல்பான வடிவத்தையே கெடுத்துவிடும். ஒட்டுக்கன்றானால், ஒட்டுக்குக் கீழே அடிமரத்திலிருந்து முளைக்கும் தளிர்களைக் கண்டவுடன் களைந்துவிட வேண்டும்.