திறந்தே இருந்த கதவு

சென்னையிலிருந்து பம்பாய்க்கு ரயிலில் போகிறவர்கள், தவுண்டு சந்திப்பைத் தாண்டியதுமே சாமான்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். இதோ புனா வந்துவிடும் என்ற பரபரப்பு. அந்தப் பரபரப்பில் கெட்காவ் என்ற சிறிய ஸ்டேஷன் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைவதை யார் கவனிக்கிறார்கள்?

1897-ம் ஆண்டில் அந்த ஊருக்கு அருகே ஒரு பொட்டல் வெளியில், எலும்பும் தோலுமான பெண்கள் முந்நூறு பேர் வந்து இறங்கினார்கள். மத்திய மாகாணத்துப் பஞ்சத்தில் தாய் தகப்பனை இழந்தவர்கள், புருஷன் வீட்டாரால் துரத்தப்பட்டவர்கள், குழந்தை விதவைகள். அவர்களை அழைத்து வந்தவர் நாற்பது பிராயத்தை எட்டிக்கொண்டிருந்த ஒரு ஸ்திரீ. குள்ளமான உருவம். வெள்ளைப் புடவை. காது சற்று மந்தம். வாயைத் திறந்தால் ஸ்ரீமத் பாகவதம் முழுவதும் மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர். ஆனால் அவர் நெஞ்சில் வைத்துத் தொழுதது ஏசுநாதரை.

பண்டித ரமாபாய் என்ற அந்த அம்மாளைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னவுடன், எங்கள் காரியாலயத்து நண்பர் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அவர் மதம் மாறியதையும் எழுதத்தான் போகிறீர்களா?" என்று கேட்டார். அதை விட்டுவிட்டால் அவரைப் பற்றி எழுத என்ன மிச்சம் இருக்கிறது? அடைக்கலம் தேடி அலைந்த ஒரு பெண், அதைக் கண்டடைந்த பிறகு இரண்டாயிரம் பேருக்கு அடைக்கலமாக நின்ற கதை அல்லவா அது!

தகப்பனார் அனந்த சாஸ்திரி டோங்கரே பெரிய பண்டிதர். பேஷ்வாவின் அரண்மனையில் ராணி சம்ஸ்கிருத சுலோகங்களைச் சொன்னதைக் கேட்ட நாளிலிருந்து, தம் மனைவிக்கும் அதைக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. முதல் மனைவிக்கு அதில் நாட்டம் இல்லை. அவள் காலமான பின், ஒரு தீர்த்த யாத்திரையில், கோதாவரிக் கரையில் குளித்துக்கொண்டிருந்த அவரைக் கண்ட ஒருவர் தம் ஒன்பது வயதுப் பெண்ணைக் கன்னிகாதானம் செய்து கொடுத்துவிட்டார். அந்தச் சிறுமி லக்ஷ்மிபாய்க்கு சாஸ்திரியார் சம்ஸ்கிருதம் கற்பித்தார். ஊர் ஆட்சேபித்தது. சாஸ்திரியார் மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டுக்குக் குடிபோய்விட்டார். அங்கே 1858-ல் பிறந்தவர்தான் ரமாபாய். விடியற்காலையில், வீட்டு வேலைகள் ஆரம்பமாவதற்கு முன்பே தாயார் எழுப்பி உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுப்பாராம்.

பிறகு வருஷக் கணக்கில் க்ஷேத்திர யாத்திரை. போகிற இடத்தில் புராணம் வாசிப்பார்கள். வருகிற தட்சிணையைத் தானமாகக் கொடுத்துவிடுவார்கள். தென்னாட்டில் பஞ்சம் தலைகாட்டியபோது கையில் ஒரு காசு இல்லை. கூலி வேலை தெரியாது. பிச்சை கேட்கக் கூச்சம். திருப்பதிக் காட்டில் பதினொரு நாள் இலையும் தண்ணீருமாகக் கழித்ததைப் பின்னாளில் ரமாபாயே எழுதியிருக்கிறார். 1874-ல் முதலில் தகப்பனார் போனார். சில வாரங்களில் தாயார். பிறகு மூத்த சகோதரி. தாயாரின் பிரேதத்தைத் தூக்க நான்கு பேர் கிடைக்கவில்லை. இரண்டு பிராமணர்கள் மனம் இரங்கி வந்தார்கள். அண்ணா ஒரு பக்கம். நான்காவது ஆளாகப் பதினாறு பிராயத்துப் பெண் ரமாபாயே பாடையைச் சுமக்க வேண்டியதாயிற்று. தோளுக்கு எட்டாத உயரமானபடியால் தலையில் தாங்கிக்கொண்டு நடந்தாராம்.

இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அண்ணாவும் தங்கையுமாக ஆயிரக்கணக்கான மைல் நடந்து, 1878-ல் கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பண்டிதர்கள் கூடிச் சோதித்துப் பார்த்து அசந்துபோய் 'சரஸ்வதி' என்று பட்டம் சூட்டினார்கள். பெயரும் புகழும் வந்துவிட்டன. மன நிம்மதி வந்ததா? பெண்களுக்குப் புராணம் சொல்ல வேண்டும் என்பதற்காகத் தர்ம சாஸ்திரங்களைப் புரட்டிய ரமாபாய்க்கு ஒரு விஷயம் முள்ளாகத் தைத்தது. தாம் படித்தவரையில் எல்லா நூல்களும் பெண் பிறவியைத் தாழ்த்துவதில் ஒன்றாக இருக்கின்றன. அவளுக்கு நேராக மோட்சம் இல்லை என்கின்றன என்று அவர் கண்டார். இல்லை, சாஸ்திரத்தின் தாத்பரியம் வேறு என்று வாதிடக்கூடியவர்கள் உண்டு. ஆனால் பசியோடும் பாடையோடும் அந்தப் பாதையில் நடந்து வந்த பெண்ணுக்கு அந்த வாதம் ஆறுதல் அளிக்கவில்லை.

1880-ல் அண்ணாவும் போனார். அதே ஆண்டில் விபின் பிஹாரி என்ற வங்காளி வக்கீலை, ஜாதி பாராமல், பதிவுத் திருமணம் செய்துகொண்டார். குழந்தை மனோரமா பிறந்து பத்தாவது மாதத்தில் கணவர் காலராவில் மாண்டார். இருபத்து நான்கு வயது நிரம்பும் முன்பே கைக்குழந்தையோடு விதவை! கணவரின் புத்தக அலமாரியில் வங்காளி மொழியில் இருந்த லூக்கா சுவிசேஷம்தான் அவர் முதன்முதலில் ஆவலோடு வாசித்த கிறிஸ்தவ நூல். கணவருக்கு அந்த ஆவல் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

புனாவுக்குத் திரும்பி, பெண்களுக்காக ஆர்ய மகிளா சமாஜம் ஸ்தாபித்துவிட்டு, 1883-ல் வைத்தியம் படிக்க வேண்டும் என்று இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். காது மந்தம் அந்த ஆசையைக் கெடுத்தது. கிறிஸ்தவர் ஆவதில்லை என்ற உறுதியோடுதான் புறப்பட்டார் என்கிறார்கள். வாண்டேஜ் என்ற ஊரில் கன்னியாஸ்திரீகளின் மடத்தில் வாசம். அவர்கள் இவரை லண்டனில் உள்ள தங்கள் கிளை மடம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே இருந்தவர்கள் யார் தெரியுமா? நெறி தவறியவர்கள் என்று உலகம் ஒதுக்கிவிட்ட பெண்கள். அவர்களைக் குளிப்பாட்டி, உணவு ஊட்டி, தொழில் கற்றுக் கொடுத்து, முகம் சுளிக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள் கன்னியாஸ்திரீகள்.

ரமாபாய் திகைத்துப் போனார். கெட்டுப்போன பெண்ணைத் தண்டிக்கச் சொல்லும் சட்டங்கள்தாம் அவருக்குத் தெரியும். "இவர்களை எதற்காக இப்படிப் பராமரிக்கிறீர்கள்?" என்று கேட்டார். பதிலாக ஒரு சகோதரி யோவான் சுவிசேஷத்தைப் பிரித்து, கிணற்றங்கரைக்குத் தண்ணீர் எடுக்க வந்த சமாரியப் பெண்ணின் கதையை வாசித்துக் காட்டினாள். ஐந்து புருஷர்களோடு வாழ்ந்தவள், வேற்று ஜாதி. அவளிடம் ஏசுநாதர் தண்ணீர் கேட்டார். அவளோடு உட்கார்ந்து தெய்வத்தைப் பற்றிப் பேசினார். அவ்வளவுதான் கதை. யாத்திரைத் தலங்களிலும் பண்டித சபைகளிலும் கிடைக்காத ஏதோ ஒன்று அந்தக் கிணற்றங்கரையில் ரமாபாய்க்குக் கிடைத்துவிட்டது. 1883 செப்டம்பர் 29-ம் தேதி, மகளோடு ஞானஸ்நானம் பெற்றார்.

அதற்காகப் பாதிரிமார் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டார் என்று எண்ண வேண்டாம். அவர் பாடம் சொல்லிக்கொண்டிருந்த செல்டன்ஹாமில், ஆண்களுக்கு அவர் சம்ஸ்கிருதம் கற்பிக்கக் கூடாது என்று பிஷப்புகள் ஆட்சேபம் கிளப்பியபோது அம்மாள் சீறிவிட்டார். சிலுவையில் லத்தீன் எழுத்து எதற்கு, எங்கள் சம்ஸ்கிருதம் அதைவிட எந்த வகையில் தாழ்ந்தது என்று கேட்டுக் கடிதம் எழுதினார். சைவ உணவை விடவில்லை. கிறிஸ்துவிடம் சரணடைந்தேனே ஒழிய உங்களிடம் இல்லை என்கிற மாதிரி! எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த குணம் இதுதான்.

அமெரிக்காவில் பணம் திரட்டிக்கொண்டு வந்து, 1889 மார்ச் 11-ம் தேதி பம்பாயில் விதவைப் பெண்களுக்காக 'சாரதா சதன்' என்ற விடுதிப் பள்ளிக்கூடத்தைத் திறந்தார். மறு வருஷம் அது புனாவுக்கு மாறியது. மதப் பிரசாரம் கிடையாது. அவரவர் ஆசாரத்தை அவரவர் அநுசரிக்கலாம் என்பது ஏற்பாடு. ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்கள் ஆலோசகர்களாக இருந்தார்கள். முதலில் வந்து சேர்ந்த விதவைப் பெண் கோதுபாய். பிற்காலத்தில் மகரிஷி கார்வேயை மறுமணம் செய்துகொண்ட ஆனந்திபாய் இவரே.

ஆனால் ரமாபாய் தினமும் காலையில் தம் சொந்த அறையில் மகளோடு பிரார்த்தனை செய்வார். கதவைச் சாத்த மாட்டார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாசற்படியில் நிற்பார்கள். பிறகு உள்ளே உட்காருவார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. யாரையும் போகச் சொல்லவும் இல்லை. மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்ணுக்கு, தன்னை மனுஷியாக மதிக்கிற ஒருத்தியின் அருகே போய் உட்காரத் தோன்றாதா? சிலர் கிறிஸ்து மார்க்கத்தில் மனத்தைச் செலுத்தினார்கள்.

1893-ல் புயல் அடித்தது. திலகரின் 'கேசரி' காரசாரமாக எழுதியது. ரானடேயும் பண்டார்கரும் விலகிக்கொண்டார்கள். பெற்றோர்கள் வந்து இருபது, இருபத்தைந்து பெண்களை அழைத்துப் போய்விட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஜபம் செய்தால் என்ன என்று நண்பர்கள் கேட்டுப் பார்த்தார்கள். அம்மாள் இணங்கவில்லை. மற்றப் பெண்கள் தங்கள் அறையில் தங்கள் பூஜையைச் செய்ய உரிமை உண்டென்றால், எனக்கு மட்டும் என் அறையில் கதவைத் திறந்து வைக்க உரிமை கிடையாதா என்பது அவர் கட்சி.

யார் பக்கம் நியாயம்? பெண்ணைப் படிக்க அனுப்பிய தகப்பனாரின் கலவரத்தையும் நான் அலட்சியம் செய்ய மாட்டேன். வாக்கை நம்பி அனுப்பினவர் அவர். ஆதரவு அற்ற பெண்ணுக்குச் சோறும் படிப்பும் தருகிறவரின் ஜபம், வெறும் ஜபமாக மட்டும் இருக்க முடியாது என்று அவர் சொன்னால் அதில் அர்த்தம் இல்லாமல் போகவில்லை. அந்தக் கலவரத்துக்கு ஒரு பதிலாகத்தான் 1896-ல் கார்வே புனாவில் ஹிந்து விதவைகள் இல்லத்தைத் தொடங்கினார். சண்டையின் லாபம், ஒரு புகலிடத்துக்கு இரண்டாயிற்று!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் பெற்ற எட்டு வருஷங்களுக்குப் பிறகுதான் தமக்கு உண்மையான சாந்தி கிடைத்ததாக ரமாபாய் எழுதியிருக்கிறார். அதுவரை கிறிஸ்து மதம் கிடைத்திருந்தது; கிறிஸ்து கிடைக்கவில்லை என்பது அவர் கருத்து. அதாவது 1891 வாக்கில். அறைக் கதவைச் சாத்த மறுத்த பிடிவாதத்துக்குக் காரணம் இங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பாதி வாழ்நாள் அலைந்து கிடைத்த பொருளை, திருடின பொருளைப் போல ஒளித்து வைத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை.

மத்திய மாகாணத்தில் பஞ்சம் என்று 1896-ல் செய்தி வந்ததும் திருப்பதிக் காடு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவரே புறப்பட்டுப் போனார். நிவாரண முகாம்களில் அநாதைச் சிறுமிகளைப் பேரம் பேசுகிறவர்கள் சுற்றிக்கொண்டிருந்ததைக் கண்ணால் கண்டார். கிடைத்த பெண்களையெல்லாம் புனாவுக்குக் கூட்டி வந்தார். அங்கே பிளேக் நோய். புதியவர்களை ஊருக்குள் வைத்துக்கொள்ளத் தடை. கெட்காவில் ஏற்கெனவே வாங்கிப் போட்டிருந்த 100 ஏக்கர் நிலம் இருந்தது. அங்கே கொட்டகை போட்டு இறக்கினார். அதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன பொட்டல்.

அந்த இடத்துக்கு அவர் வைத்த பெயர் 'முக்தி'. பெண்ணுக்கு இல்லை என்று ஏட்டில் படித்த அதே வார்த்தையை வாசலில் எழுதி வைத்துவிட்டார்!

1900 வாக்கில் குஜராத் பஞ்சமும் சேர்ந்துகொள்ள, முக்தியில் ஏறக்குறைய 2,000 பேர். இத்தனை பேருக்குச் சோறு போடுவது என்றால் விளையாட்டா? கிணறுகள் வெட்டினார்கள், பழத் தோட்டம் போட்டார்கள், மாடு வளர்த்தார்கள், தறி நெய்தார்கள், எண்ணெய் ஆட்டினார்கள். எல்லாம் பெண்கள். கண் தெரியாதவர்களுக்குத் தொட்டுப் படிக்கும் எழுத்தும் கூடை பின்னலும் கற்பித்தார்கள். ஏமாற்றப்பட்டு வந்த பெண்களுக்கு 'கிருபா சதன்' என்று தனி இல்லம். லண்டனில் கண்ட காட்சியை அம்மாள் மறந்துவிடவில்லை. பிரார்த்தனைக்கு அங்கே கதவைச் சாத்தச் சொல்ல யாரும் இல்லை. முக்தி வெளிப்படையாகவே கிறிஸ்தவ இல்லம். இன்றைக்கும் அங்கே ஆதரவற்ற பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

அச்சகமும் உண்டு. தாம் கற்ற சம்ஸ்கிருதப் பாண்டித்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு, கிராமத்துப் பெண்ணுக்கும் புரிகிற எளிய மராத்தியில் பைபிளை மொழிபெயர்க்க வேண்டும் என்று ரமாபாய் தீர்மானித்தார். அதற்காக ஹீப்ரு, கிரேக்கம் இரண்டையும் கற்றுக்கொண்டார். சுமார் பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த வேலை நடந்தது. நடுவில், 1921-ல், வலது கரமாக இருந்த மகள் மனோரமா நாற்பது வயதில் இறந்துபோனாள். பாடையைத் தலையில் சுமந்த பெண்ணுக்கு அந்தப் பாரமும் மிச்சம் இருந்தது. எழுதுவதை நிறுத்தவில்லை. 1922 ஏப்ரல் 5-ம் தேதி அவரும் கண்ணை மூடினார்.

புத்தகம் 1924-ல் வெளிவந்தது. ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்து, மை தடவி, அச்சிட்டவர்கள் முக்திப் பெண்களே. அவர்களில் பலர், பஞ்ச காலத்தில் அந்தப் பொட்டலில் வந்து இறங்கியபோது ஓர் எழுத்தும் அறியாதவர்கள்.